டிசம்பர் பெட்டியும் பனி மணியும்

டிசம்பர் 4

எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் வரும் மாதச் சந்தாப் பெட்டி வந்துவிட்டது. கூரியர் எங்கள் முத்தொரைப் பக்கம் ஏறி வராது, ஊட்டிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்வெட்டரைக்கூட மாற்றாமல் பிரித்தாயிற்று.

பிரெட்போர்டு (பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை), ஜம்பர் வயர், பத்துப் பத்தாகக் கட்டிய ரெசிஸ்டர் (மின்தடை), '104' என்று எழுதிய சின்னக் கெப்பாசிட்டர் (அப்படியென்றால் 0.1 மைக்ரோஃபாரட்), எல்.எம். 393 ஐசி இரண்டு, பி.சி. 547 டிரான்சிஸ்டர், ஒலி எழுப்ப ஒரு பஸ்ஸர். அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரித்துப் போட்டோம். ரெசிஸ்டர் மேல் இருக்கும் கோடுகள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்றால் 10,000 ஓம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு தங்கை எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள்.

கடைசிப் பொட்டலத்தில் மிளகளவில் கருப்பாக ஒன்று, இரண்டு கம்பிக் கால்களோடு. "அண்ணா, இது எதுக்கு?" என்றாள். தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். கூட வந்த தாளில் '25 டிகிரியில் 10,000 ஓம்' என்று இருக்கிறது. மல்டிமீட்டரில் வைத்தால் 19,000 காட்டியது. பழுதில்லை, எங்கள் அறை அப்போது 11 டிகிரி. இந்த வீட்டில் டிசம்பரில் 25 டிகிரி என்பது அடுப்புப் பக்கத்தில் மட்டும்தான்.

இந்த மாதம் தாளில் இருக்கும் விளக்கு விளையாட்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளத்தில் ஜூன் மாதம் வைத்த தேயிலை நாற்று இருக்கிறது. உறைபனிக் காலத்தில் அப்பா இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து, டார்ச்சோடு இறங்கி, இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். குளிர் இறங்கினால் வீட்டுக்குள்ளேயே மணி அடிக்கிற மாதிரி செய்து, அந்த நடையை நிறுத்த வேண்டும்.

டிசம்பர் 6

தெர்மிஸ்டரைச் சோதிக்கத் தாள் இரண்டு வழி சொல்கிறது. ஐஸ் தண்ணீர் 0 டிகிரி, கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. நனையாமல் உறை போட்டு, ஐஸ் நொறுக்கிப் போட்ட தம்ளரில் வைத்தேன். 32 ஆயிரத்துக்குச் சற்று மேல். சரியாக இருந்தது. கொதிநீரில் 700 ஓம் பக்கம் வர வேண்டும். எனக்கு 860. மூன்று முறை பார்த்தும் அதேதான். மட்டமான சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அம்மாதான் சொன்னார்: "நம்ம ஊர்ல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், பருப்புதான் வேகாது. குக்கர் எதுக்கு வச்சிருக்கேன்?"

உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நாங்களும் ஏறத்தாழ அதே உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஐஸ் உருகும் புள்ளியை இந்த உயரம் தொடுவதில்லை. தெர்மிஸ்டர் சொன்னது சரி. தாள்தான் சமவெளிக்காரருக்கு எழுதியது. எனக்கு வேண்டியதோ கீழ்ப்பக்க எண்கள் மட்டும், ஐஸ் தம்ளர் போதும்.

டிசம்பர் 9

எல்.எம். 393 இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டுச் சொல்லும் ஐசி. ஒரு பக்கம் தெர்மிஸ்டர், மறுபக்கம் நாம் திருகி வைக்கும் அளவு. இரண்டும் ஒரே பேட்டரியிலிருந்து பிரிவதால், குளிரில் பேட்டரி சோர்ந்தாலும் அளவு நகராது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆனால் மாலை முழுக்க பஸ்ஸர் ஊமையாக இருந்தது. இந்த ஐசியின் வெளிக்காலுக்கு (ஒப்பிட்ட முடிவு வெளியே வரும் கால்) வோல்டேஜைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும், மேலே தூக்காது. பிளஸ்ஸுக்கு ஒரு ரெசிஸ்டர் நாம்தான் கொடுக்க வேண்டும். தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. புதிதாகப் பழகுபவர் இங்கேயே விட்டுவிட்டுப் போவார், அது வருத்தமான விஷயம். 10,000 ஓம் ஒன்றைச் செருகினேன், கத்தியது. அப்புறம், திருகி வைத்த அளவுக்குப் பக்கத்தில் வரும்போது அடிப்பதா வேண்டாமா என்று 'கர்ர்' எனத் தடுமாறியது. வெளிக்காலிலிருந்து பிளஸ் உள்காலுக்கு 1 மெகா ஓம் போட்டதும் அடங்கியது.

டிசம்பர் 13

ஞாயிறு வரை வேலை இல்லை. மேலே ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். 530 மீட்டர் நீளம், 1970-இல் முடிந்தது. மலைச்சரிவு சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்த ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. இதைக் கட்டிய வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அப்படி ஒரு சரிவைத் தேடித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தினமும் பார்க்கும் மேடுதான், இன்று வெகுநேரம் நின்றேன்.

டிசம்பர் 15

பள்ளத்துக்கு 40 மீட்டர் வயர் இழுத்தோம். வயரின் தடை சில ஓம்தான், 30 ஆயிரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. வழியில் சேரும் மின் இரைச்சலை அடக்க ஐசி பக்கத்தில் ஒரு '104' கெப்பாசிட்டர்.

தெர்மிஸ்டரைக் கம்பத்தில் உயரமாகக் கட்டப் போனேன். அப்பா விடவில்லை, நாற்றின் இலை மட்டத்துக்கு இறக்கச் சொன்னார். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். திண்ணையில் 6 டிகிரி இருக்கும்போது அங்கே இலை உறைந்துகொண்டிருக்கும். மணியை 3 டிகிரிக்கு வைத்தேன்.

டிசம்பர் 19

மூன்று ஐம்பதுக்கு அடித்தது. நான் எழுவதற்குள் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். ஸ்பிரிங்ளர் தண்ணீர் இலைமேல் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காப்பாற்றுகிறது, அதனால் வெயில் வரும்வரை நிறுத்தக் கூடாது. எட்டரைக்குத்தான் வெயில் பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் எட்டாத கடைசி இரண்டு வரிசை கருகிவிட்டது, அதற்குத் தாகைச் செடி வெட்டி மூட வேண்டும். மற்றதெல்லாம் பச்சையாக நிற்கிறது.

பதினொரு மணிக்கு அப்பா எழுந்து வந்தார். இத்தனை நேரம் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. டீ குடித்துக்கொண்டே பஸ்ஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.