கட்டத்தை நிறைத்துவிடும் மேகம்

வானிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரி பூமிப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தின் அகலத்தைப் பாதியாகச் சுருக்கினால் முன்னறிவிப்பு இரு மடங்கு துல்லியமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 12 கி.மீ. ஆக இருந்த கட்டம் சுமார் 6 கி.மீ. ஆனபோது எனக்கும் பெருமகிழ்ச்சிதான். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு சாதாரணமானதல்ல. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். காற்றும் அலைகளும் ஒரே காலப்படியில் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியில்) கட்டங்களைத் தாண்டிப் பாய்ந்து கணக்கு சிதறிவிடாதிருக்கக் காலப்படியையும் பாதியாக்க வேண்டும் என்பதால், மொத்தக் கணிப்புச் சுமை எட்டு மடங்காகிவிடும்.

இவ்வளவு செலவழித்த பிறகும் 6 கி.மீ. அகலமுள்ள மேகத்தை அந்த மாதிரியால் உருவத்தோடு காட்ட முடியாது. அமெரிக்காவில் உருவான டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாதிரியை ஆராய்ந்தவர்கள், கட்டத்தைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நீளமுள்ள அசைவுகளைத்தான் அது நம்பகமாகக் கையாள்கிறது என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் 6 கி.மீ. கட்டம் என்பது நடைமுறையில் 40 கி.மீ. அளவிலான அமைப்புகளையே தெளிவாகப் பார்க்கிறது.

உண்மையான சிக்கல் இடிமேகங்களில் இருக்கிறது. 50 கி.மீ. கட்டமொன்றுக்குள் பல மேகங்கள் அடங்கும் என்பதால், அவை கூட்டாக எவ்வளவு வெப்பத்தையும் ஈரத்தையும் மேலே கொண்டுசெல்கின்றன என்று ஒரு சூத்திரத்தால் மதிப்பிட்டுக்கொள்ளலாம். 1 கி.மீ.க்கு அருகில் சென்றால், மேலெழும் காற்றை மாதிரியின் காற்றோட்டச் சமன்பாடுகளே பெருமளவு உருவாக்கிவிடும். இடைப்பட்ட 1 முதல் 10 கி.மீ. வரையிலான பகுதியில் ஒரே மேகம் கட்டத்தின் பெரும்பகுதியை நிறைத்துவிடுவதால் சூத்திரத்தின் அடிப்படை அனுமானமே உடைகிறது. சூத்திரத்தை வைத்துக்கொண்டால், மாலையில் இடியோடு கொட்ட வேண்டிய மழையை மாதிரி நண்பகலிலேயே தூறலாக இறக்கிவிடும். நிறுத்திவிட்டாலோ மழை தாமதமாகத் தொடங்கி, இயல்புக்கு மீறிய பெரும் மேகமாக வெடிக்கும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, அரகாவா, வூ என்ற வானிலை ஆய்வாளர்கள் 2013-இல் முன்வைத்தது. மேலெழும் காற்று கட்டத்தில் எத்தனை பங்கை அடைத்திருக்கிறது என்பதை முதலில் கணித்து, அந்தப் பங்கு கூடக்கூடச் சூத்திரத்தின் கையைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறார்கள். அந்தப் பங்கு கட்டத்தின் பாதியை எட்டும்போது சூத்திரத்தின் விளைவு கால்பங்காகிவிடும். அமெரிக்காவின் எம்.பாஸ் போன்ற மாதிரிகளுக்கு இத்தகைய அணுகுமுறை மிகவும் தேவை. அங்கே பெரும்பாலும் அறுகோணங்களாலான வலை, ஒரே ஓட்டத்தில் 60 கி.மீ.யிலிருந்து 3 கி.மீ. வரை இடத்துக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

நம் நாட்டு மாதிரி இப்போது நிற்பதும் இந்த இடைப்பட்ட பகுதியில்தான் என்பதால், கட்டத்தை மேலும் சுருக்குவதற்குச் செலவிடும் அதே அக்கறையை மேகச் சூத்திரத்துக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பீட்டு முறையும் அதற்கேற்ப மாற வேண்டும். காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரையிலான மொத்த மழையை மட்டும் ஒப்பிட்டால், நண்பகல் தூறலும் மாலை இடிமழையும் ஒரே எண்ணாகப் பதிவாகி, மாதிரி எந்த மணியில் தவறியது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே மணிவாரியான மழையளவை வைத்தே இதைச் சோதிக்க வேண்டும்.