கண்ணாடி உடையும் சத்தம்

"கண்ணாடி உடைகிறது" என்று நான் சைகையில் காட்டியதும் சித்தி மகன் முழித்தான்.

பழைய ரெஸ்லிங் மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஸ்டோன் கோல்ட் என்ற மல்யுத்த வீரர் தலைகாட்டுமுன் கண்ணாடி நொறுங்கும் சத்தம் வரும், அந்த நொடியே அரங்கம் எழுந்துவிடும்.

திரையின் கீழே வந்த எழுத்து: 'மியூசிக்'. அவ்வளவுதான்.

கூட்டம் ஏன் துள்ளுகிறது என்று தெரியாமலேயே இத்தனை வருடம் அவனும் துள்ளியிருக்கிறான்!

இன்னொரு வீரர் அண்டர்டேக்கர் வரும்போது பரவாயில்லை. மணி கேட்காவிட்டாலும் விளக்கு அணையும். ஜான் சீனா முகத்துக்கு முன் கையை ஆட்டினால் போதும். ரெஃப்ரி தரையைத் தட்டுவதைக் கண்ணாலேயே எண்ணலாம்.

ஆனால் ரெஸ்லிங்கில் பாதி, மைக்கில் நடக்கும் வாய்ச்சண்டைதானே? மைக் உதட்டை மறைக்கிறது. நேரலையில் கேப்ஷன் சில நொடி பிந்தி வருகிறது. அறை விழுந்த பிறகுதான் அதற்குக் காரணமான வசனம் வந்து சேரும்.

அரங்கின் பெரிய திரையில் ஓரமாக ஒரு சைகைமொழி பெயர்ப்பாளர். 'மியூசிக்' என்பதற்குப் பதிலாக 'கண்ணாடி உடைகிறது, ஸ்டோன் கோல்ட்' என்று ஒரு வரி. இதற்கு அப்படி என்ன பெரிய செலவு?

சரி, அதே காட்சியைத் திரும்ப ஓட்டச் சொன்னான். இந்த முறை ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

எனக்கு முன்னால் எழுந்துவிட்டான்.