763 பள்ளிக்கூடங்களும் ஓர் எக்ஸ்பிரஸ் பேருந்தும்

கொங்கு நாட்டின் பழைய பள்ளிகளையும் கல்லூரிகளையும் நேரில் பார்த்து எழுதப் புறப்படுகிறவர்கள், ஆவண நகல்களுக்கு ஒதுக்கும் பணத்தைப்போல இரு மடங்கை ஆட்டோவுக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. கோவை ரயில் நிலையத்தில் இறங்கி, அரசு கலைக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றதும் ஓட்டுநர் ஒருவர் சிறிதும் கூச்சமின்றி 200 ரூபாய் கேட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடக்கூடிய தூரம் அது, நடந்துதான் போனேன்.

அந்தக் கல்லூரி 1852-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1862-இல், காப்பி வணிகரான ராபர்ட் ஸ்டேன்ஸ் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கும் பள்ளியைத் தொடங்கினார். இரண்டுக்கும் முன்பாகவே, 1830-இல், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோவைக்கு வந்து சேர்ந்திருந்தார். இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கோவையின் கல்வி வரலாற்றைப் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். அப்போது கோவையின் கலெக்டராக இருந்தவர், ஊட்டியை உருவாக்கியவர் என்று நாமெல்லாம் அறிந்த ஜான் சல்லிவன். அன்றைய கணக்கின்படி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தவை 763 பள்ளிகள். அவற்றுக்கு மேல், உயர்கல்வி கற்பித்த இடங்கள் 173. இந்த இரண்டாவது வகையில் ராஜமுந்திரியின் 279-க்கு அடுத்தபடியாக மாகாணத்திலேயே நாம்தான். தஞ்சாவூரில்கூட 109தான் இருந்தன. எங்களைக் காட்டுப் பக்கத்து ஆட்கள் என்று ஓயாமல் கேலி பேசும் தஞ்சாவூர் நண்பருக்கு இந்த எண்ணை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். இன்று வரை பதில் இல்லை. ஆனாலும் பெருமை பேசுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த 173-இல் பெரும்பாலானவை வேதமும் சாஸ்திரமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் வீடுகள். அவற்றின் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. 763 பள்ளிகளிலும் பெண் குழந்தைகள் மிகச் சொற்பமே.

வீட்டுத் திண்ணைகளில் நடந்த அந்தப் பழைய பள்ளிகளில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் பயணத்தையே தொடங்கினேன். மணலில் எழுதிப் பழகிய இடத்துக்குக் கல்வெட்டு வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போனால், அதிகாரி விடுப்பு என்றார்கள். அங்கே சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அறை வாடகையாக மட்டும் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தேன்.

பீளமேட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பூளைமேடு கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு எழுதி, இன்று பி.எஸ்.ஜி. கல்லூரிகளை நடத்தும் அறக்கட்டளையை 1926-இல் தொடங்கினார்கள். அறக்கட்டளை என்று பலகை மாட்டிக்கொண்டு நன்கொடை கறக்கும் இன்றைய கல்லூரி முதலாளிகள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஈரோட்டிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்குப் போன தனியார் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணாடியில் எக்ஸ்பிரஸ் என்று எழுதி, அதற்கேற்பக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, கவுந்தப்பாடி வரை கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தினார்கள். காதுக்கு நேரே ஸ்பீக்கர், உட்கார இடமில்லை, மீதிச் சில்லறை கேட்டதற்கு நடத்துநர் என்னைப் பார்த்த பார்வையில் சில்லறையே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கோபியில் இறங்கியதும் கோபம் தணிந்ததற்குக் காரணம் ஒரு சிறிய மெஸ். ஆவி பறக்கும் அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் நெய், பக்கத்தில் கொள்ளுப் பருப்பு, கட்டித் தயிர். “சங்கடப்படாமப் போட்டுக்கங்க கண்ணு, இன்னிக்குக் கொள்ளு நல்லா வெந்திருக்குது” என்று அந்த அம்மா மீண்டும் மீண்டும் பரிமாறினார். கோவையில் இரண்டு இட்லிக்குக் கொடுத்த விலையைவிட இங்கே முழுச் சாப்பாட்டுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான் அதிகம். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், 1897-இல் கொண்டாடப்பட்ட விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டிப் பெயர் பெற்ற இவ்வூர் வைரவிழாப் பள்ளிக்கு, தம் தாத்தா தூக்குப்போசியோடு தடப்பள்ளி வாய்க்கால் கரை வழியே நடந்து வந்து படித்ததைச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருப்பதாகவும் சொன்னார். வழி, செலவு, நேரம் என்று வரிசையாக எழுத வைத்திருந்த குறிப்பு நோட்டு அதோடு மூடிப் பையின் அடிக்குப் போனது.

பதிவேட்டின் முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் பண்ணையம், நெசவு, மறுபடியும் பண்ணையம். நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது விலகிய நாள் என்ற கட்டத்தைத்தான். புரட்டிய பக்கங்களில் பெரும்பாலான தேதிகள் ஆடிப்பட்டத்து விதைப்பையும் தை மாத அறுவடையையும் ஒட்டியே வந்தன. ஒரே பையன் மூன்று தடவை சேர்ந்து மூன்று தடவையும் விலகியிருக்கிறான். பள்ளியைத் திறந்தவர் யார் என்பதைச் சுவரில் பதித்த சலவைக்கல் சொல்கிறது. பையன்களை அங்கே உட்கார விடாதது எது என்பதை இந்தப் பதிவேட்டைத் தவிர வேறு எந்த விழா மலரிலும் நான் படித்ததில்லை. தலைமையாசிரியை படமெடுக்க அனுமதி தந்ததோடு காப்பியும் வரவழைத்தார். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சேலம் இன்னும் பாக்கி இருக்கிறது. 1857-இல் பள்ளியாகத் தொடங்கி 1879-இல் கல்லூரியாக உயர்ந்த அங்குள்ள அரசு கலைக் கல்லூரியையும், மன்றோவின் கணக்கில் சேலத்துக்குக் காட்டப்பட்டிருக்கும் 53 உயர்கல்வி இடங்களையும் அடுத்த மாதச் சம்பளம் வந்த பிறகுதான் தேடிப் போக வேண்டும். இந்த முறை அரசுப் பேருந்தில்.