ஒற்றைச் சக்கர மின்வண்டிக்கு வீட்டிலேயே டயர் மாற்றிய அனுபவம்

எலக்ட்ரிக் யூனிசைக்கிளில் தரையைத் தொடுவது ஒரே ஒரு டயர். நிற்பது, திரும்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அந்த ஒரு பிடி ரப்பரை நம்பித்தான். ஆனால் அந்த டயரைக் கழற்றுவது பைக் டயரைக் கழற்றுவது போல இல்லை. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றித்தான் பேட்டரி, கன்ட்ரோலர் போர்டு, கூடு எல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே டயர் மாற்றம் என்றால் வண்டியையே பிரிக்க வேண்டும். முழு வேலையையும் செய்து முடித்தபின் எனக்குப் பட்டது இதுதான்: இதில் டயர் வேலை கால்வாசி, மோட்டார் கேபிளைக் காயப்படுத்தாமல் எடுத்துத் திரும்பவும் மாட்டுவது முக்கால்வாசி. வண்டியைத் திறக்கும் நிலையே அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வண்டிக்கு உண்மையான டயர் பராமரிப்பு.

எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம். நான் ஓட்டுவது பெரும்பாலும் ஊராட்சி ரோடு, கீழ்பவானி வாய்க்கால் கரை, அப்புறம் இட்டேரி. இருபக்கமும் வேலி வைத்த மண்தடத்தைத்தான் இட்டேரி என்போம். பவானிசாகரில் கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால் அது. கரை மண் இறுகியிருக்கும்போது ஓட்ட அவ்வளவு சுகம். காங்கயம் பக்கம் போனால் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் காடுகள், அவற்றைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம். பார்க்க அழகு, டயருக்கு ஆபத்து. வேலி வெட்டிய வாரத்தில் இட்டேரிப் பக்கமே போகக்கூடாது. வெட்டிப் போட்ட கிளுவைக் குச்சி காய்ந்ததும் ஆணிக்குச் சமம். கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் ஓட்டுபவர்களுக்கு முள்ளுக்குப் பதில் லேத்துப் பட்டறைகளிலிருந்து சிதறும் இரும்புச் சுருள். இரண்டுமே டயருக்குள் சத்தமில்லாமல் இறங்கும்.

டயரை மாற்ற முடிவு செய்ததற்குப் பஞ்சர் மட்டும் காரணமில்லை. நேராகவே அதிகம் ஓட்டியதால் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டது. இரண்டு சக்கர வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. ஒற்றைச் சக்கரத்திலோ காலுக்கு உடனே தெரியும். திரும்பச் சாய்ந்தால் முதலில் வண்டி முரண்டு பிடிக்கும், பிறகு ஒரு விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுகிற மாதிரி சாயும். ரோட்டில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே இழுத்துக்கொண்டு போகும். கட்டை, அதாவது டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர், இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று இந்த நிலையில் ஓட்டிக்கொண்டிருப்பது சரியில்லை. குறுக்கே ஓர் அடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்கேல் ஒட்டி உட்கார்ந்தால் டயரின் காலம் முடிந்தது.

அடுத்தது அளவு. இதில் நம் ஊரில் நிறையக் குழப்பம் வரும். என் டயரில் 16x3 என்று போட்டிருக்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 டயரில் 2.50-16 என்று இருக்கும். இரண்டிலும் 16 இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு. எக்ஸ்எல் டயரில் 16 என்பது ரிம்மின் விட்டம். யூனிசைக்கிள் டயரில் 16 என்பது சைக்கிள் கணக்குப்படி டயரின் வெளி அளவுக்கு வைத்த பெயர், ரிம் அதைவிடச் சிறியது. சரியான எண் டயரின் பக்கச்சுவரிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்: 76-305. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம். 305 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 12 அங்குலம். எக்ஸ்எல் டயர் இந்த ரிம்மில் உட்காரவே உட்காராது, அவ்வளவு பெரியது. அகலமும் கவனிக்க வேண்டியது. கூட்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிதான் இருக்கிறது. அகலம் கூடினால் ரப்பர் கூட்டில் உரசும், சேறு அப்பினால் சக்கரம் இறுகும். அதனால் பழைய அளவையே வாங்கினேன்.

இனி பிரித்த கதை. முதல் வேலை மின்சாரம். இந்த வண்டியின் பேட்டரி முழுச் சார்ஜில் 84 வோல்ட். மோதிரம், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். வண்டியை அணைத்து, கூட்டைத் திறந்து, பேட்டரி கனெக்டரைப் பிரித்த பிறகும் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பவர் பட்டனைச் சில தடவை அழுத்தி அதை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். கூட்டின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளமில்லை. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் உள்ளே பேட்டரியை நெருங்கிவிடும். ஒரு அட்டையில் வண்டியின் உருவத்தைக் கிறுக்கி, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். திரும்ப மாட்டும்போது இதைப்போல நிம்மதி தந்த வேலை வேறில்லை.

மோட்டாரிலிருந்து வருவது மூன்று தடித்த வயர், கூடவே ஒரு கொத்து மெல்லிய வயர். தடித்தவை மோட்டாரை ஓட்டும் மின்சாரத்துக்கு. மெல்லியவை சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கு. எல்லாம் சக்கரத்தின் அச்சு நடுவே இருக்கும் துளை வழியாகத்தான் வெளியே வருகின்றன. இந்த இடம்தான் முழு வேலையிலும் ஆபத்தானது. அச்சைப் பிடிக்கும் இரும்புத் தாங்கியை உருவும்போது வயர்களும் அதன் துளை வழியே வர வேண்டும். கொத்தாக இழுத்தால் வராது. கனெக்டர்களை முன்னும் பின்னுமாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். சக்கரத்தின் எடை ஒரு கணம்கூட வயர் மேல் தொங்கக்கூடாது.

கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் கூட இருந்தான். அச்சின் வாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏனுங்ணா, ஓரம் கத்தியாட்டம் இருக்குது. இதுல ஒருக்கா உரசினாப் போதும், வயர் தோல் போயிரும். நைலான்ல ஒரு புஷ் கடைஞ்சு தர்றனுங்." அடுத்த நாள் கொண்டுவந்த அந்த வளையத்தை அச்சின் வாயில் சொருகி வைத்துக்கொண்டுதான் தாங்கியை உருவினோம். வயரில் ஒரு கீறல்கூட இல்லை. கோவையில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் யாரையாவது தெரிந்திருந்தால் இந்த வேலைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் வயரை எப்படி மதிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழற்றிய பிறகு ஒரு சின்னச் சோதனை. வயர்கள் தனித்தனியே இருக்கும்போது சக்கரம் கையால் லேசாகச் சுற்றும். தடித்த வயரில் ஏதாவது இரண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் சக்கரம் விட்டுவிட்டு இறுகும். மூன்று ஜோடிகளிலும் ஒரே மாதிரி இறுகினால் காயில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பேட்டரியிலிருந்தும் போர்டிலிருந்தும் முழுவதுமாகப் பிரித்திருக்க வேண்டும்.

சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்தால் அச்சும் வயரும் நசுங்கும். ஒரு பழைய கார் டயரைப் படுக்கப் போட்டு அதன் மேல் வைத்தோம். அச்சு நடு ஓட்டையில் தொங்கிக்கொள்ளும், ரிம் மட்டும் தாங்கும். அதன் பிறகு எல்லாம் ஊர்ப் பஞ்சர் கடை வேலைதான். பெருந்துறை ரோட்டில் இருக்கும் பஞ்சர் கடை அண்ணனிடமே சக்கரத்தைக் கொண்டுபோனேன். "தம்பி, சக்கரமே மோட்டாருங்களா? அப்ப லிவர ஆழமா விடப்படாதுங்" என்று அவரே புரிந்துகொண்டார். கைப்பலத்தைவிட முறைதான் முக்கியம் என்பதை அவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்க டயர் விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்தால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அப்புறம் லிவரைக் கொஞ்சமாகக் கொடுத்தாலே ஏறிவிடும். பள்ளத்தில் உட்காராத டயரோடு மல்லுக்கட்டினால்தான் டியூப் கிழியும், ரிம் வாய் வளையும். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவினார். புது டயரை அரைமணி நேரம் வெயிலில் போட்டிருந்தேன். சித்திரை வெயிலில் அது நன்றாக இளகியிருந்தது.

புது டியூப் போடுவதற்கு முன், பழைய டயரில் காற்று எப்படிப் போனது என்று பார்த்தோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட் எடுத்து டயரின் உட்பக்கத்தில் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நூல் சிக்கியது. கட்டிங் பிளேயரால் பிடுங்கினால் கருப்பாக ஒரு வெள்வேல் முள்ளின் நுனி, கடுகைவிடக் கொஞ்சம் நீளம். வெளிப்பகுதி முறிந்து போய், நுனி மட்டும் ரப்பருக்குள் உட்கார்ந்து எடை ஏறும்போதெல்லாம் டியூபைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. டியூபை மட்டும் மாற்றிப் பழைய டயரையே போட்டிருந்தால் அதே இடத்தில் மறுபடி பஞ்சர்தான். விரலால் தடவுவதைவிட பனியன் வேஸ்ட் நல்லது. விரல் தப்பிக்கும், நூல் எதையும் விடாது.

புது டியூபில் பவுடர் தூவி, கொஞ்சம் காற்று வைத்து உருண்டையாக்கி உள்ளே விட்டோம். டயரில் இருக்கும் அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் பக்கம் இருக்க வேண்டும். காற்று பிடித்த பிறகு, ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி பிடித்ததும் டப்பென்று உட்கார்ந்தது. இதைக் கவனிக்காமல் மாட்டிவிட்டால் ஓட்டும்போது மேலும் கீழும் குலுங்கும். அதைச் சரி செய்ய மறுபடி மொத்தமும் பிரிக்க வேண்டும்.

திரும்பப் பூட்டுவது பிரித்ததன் தலைகீழ்தான், நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வயர்களை நிறம் பார்த்து, எடுத்திருந்த போட்டோவோடு ஒப்பிட்டு மாட்டினேன். கூட்டின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் இருக்கும் ரப்பர் பட்டை மடங்காமல் உட்கார வேண்டும். அச்சு போல்ட்டுகள் அதிர்வில் தளராமல் இருக்க, அவற்றுக்குப் புதிதாக லாக்டைட் பசை விட்டேன். முதலில் வண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சுவிட்ச் போட்டு, நிமிர்ந்து நிற்கிறதா, உறுமல் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் போட்டுக்கொண்டு கோயில் மைதானத்தில் நடைவேகத்தில் ஓட்டினேன். புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அது தேயும்வரை ஈர ரோட்டில் சாய்த்துத் திரும்பக்கூடாது. ஆனால் சாய்ந்த விதம்! இடுப்பை லேசாக அசைத்தாலே வண்டி கூடவே வந்தது.

இனி காற்று. என் எடை 72 கிலோ, 3 அங்குல டயருக்கு 28 முதல் 30 பிஎஸ்ஐ பொருந்துகிறது. 22-க்குக் கீழே போனால் திரும்புவது கனக்கிறது, குழியில் இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். அப்படி இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். ஒல்லி டயர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். காலை வெயில் ஏறும் முன் அளப்பதே சரி. 30 பிஎஸ்ஐ இருக்கும் டயரில் 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மத்தியானம் அளந்து காற்றை இறக்கினால் மறுநாள் விடியக் குறைவாக நிற்கும். பெட்ரோல் பங்க்கின் குழாய் முனை கூட்டுக்குள் இருக்கும் வால்வை எட்டாது. வளைந்த அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். அதை வால்வின் மேலேயே நிரந்தரமாக விட்டுவைப்பதில்லை, அதன் எடை சுற்றும்போது வால்வை ஆட்டும், காற்றும் கசியும்.

முள் நாட்டில் ஓட்டுபவர்களுக்கு என் பரிந்துரை டயர் சீலன்ட், அதாவது சின்ன ஓட்டைகளை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். வால்வு பின்னைக் கழற்றி 150 மில்லி ஊற்றினேன். ஊற்றிவிட்டு உடனே கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் உட்சுவர் முழுக்கப் பரவும். அப்புறம் இட்டேரியில் முள் ஏறியபோது, பிடுங்கிவிட்டு அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தினேன். பச்சையாக ஒரு சொட்டு வந்தது, நின்றுவிட்டது. காற்று அளக்கும்போது வால்வு மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் சீலன்ட் வந்து அடைத்துக்கொள்ளும். பக்கச்சுவர்க் கிழிசலையும் பெரிய ஆணி ஓட்டையையும் இது காப்பாற்றாது. சீலன்ட் பட்ட டியூபில் சொல்யூஷன் ஒட்டாது என்று பஞ்சர் கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள், நியாயம்தான். கழுவித் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு உரசி ஒட்டினால் ஒட்டும்.

இப்போது ஓட்டி முடித்ததும் டயரைச் சுற்றிப் பார்த்து, முளைத்திருக்கும் முள்ளைக் குறட்டால் எடுத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. ஆடிக் காற்று ஓய்ந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கரை மண் குழைந்துவிடும். அதற்குள் கட்டை ஆழமாக வெட்டிய மண்தட டயர் ஒன்றைப் போட்டுப் பார்க்க வாங்கி வைத்திருக்கிறேன். நைலான் புஷ்ஷும் ஸ்க்ரூ குத்திய அட்டையும் அதே டப்பாவில் தயாராக இருக்கின்றன.