தண்டவாளம் போன வழியில்: டார்பிஷைர் சைக்கிள் நாட்குறிப்பு

ஜூன் 12, வியாழன். ஆஷ்பர்ன் – ஹார்டிங்டன்

இங்கிலாந்தின் பீக் டிஸ்டிரிக்ட் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பில் இருக்கும் ஆஷ்பர்னில் எந்தச் சாலையில் திரும்பினாலும் மேடுதான். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். வாடகை சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "இந்த மேடெல்லாம் என்னால் முடியுமா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் ஓட்டப்போவது பழைய ரயில்பாதை; நீராவி எஞ்சினை நம்பி, முடியும் என்று அடித்துச் சொன்னேன்.

இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. ஏற்றம் சற்றே கூடினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். அதனால் ரயில்பாதை போட்டவர்கள் குன்று குறுக்கிட்டால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள், பள்ளத்தாக்கு என்றால் பாலம் கட்டினார்கள். ஆஷ்பர்ன்–பக்ஸ்டன் ரயில்பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1954-இல் வழக்கமான பயணிகள் ரயில் நின்றது, 1960-களில் சரக்கு ரயிலும் நின்றது. தண்டவாளத்தை எடுத்த பிறகு அந்த நிலத்தைத் தேசியப் பூங்கா நிர்வாகம் வாங்கி, 1971-இல் டிஸ்ஸிங்டன் டிரெயில் என்று மக்களுக்குத் திறந்துவிட்டது. பார்ஸ்லி ஹே வரை 13 மைல், ஏறக்குறைய 21 கிலோமீட்டர். நசுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பி இறுக்கிய தரை. கார், லாரி எதுவும் இல்லை.

ஊரைத் தாண்டிய சிறிது நேரத்தில் பாதை திடீரென்று பென்ட்லி ஓடையை நோக்கிச் சரிந்து, மறுகரையில் செங்குத்தாக ஏறியது. அங்கே நின்ற ரயில் பாலத்தை இடித்துவிட்டார்கள். இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஒரு பாலம் எவ்வளவு ஏற்றத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை அக்காவின் முழங்கால் அந்த ஒரே இடத்தில் தெரிந்துகொண்டது. அதன் பிறகு வழியெல்லாம் ஏற்றம்தான் என்றாலும் கண்ணுக்குப் படாத ஏற்றம். பெடல் கொஞ்சம் கனப்பதை வைத்துத்தான் அறிய முடிகிறது.

டிஸ்ஸிங்டன் கிராமத்தில் கிணறுகளை அலங்கரிக்கும் வழக்கம் உண்டு. மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரமாக்கிக் கிணற்றருகே நிறுத்துவார்கள். ஏசு விண்ணேற்றத் திருநாளையொட்டி நடக்கும் விழா. நாங்கள் போனபோது முடிந்திருந்தது. கோல்டீட்டன் அருகே குன்றைப் பிளந்து வெட்டிய நீண்ட பள்ளத்துக்குள் புகுந்ததும் காற்று நின்றது. இருபுறமும் வெளிறிய சுண்ணாம்புப் பாறை, இடுக்குகளிலெல்லாம் வெள்ளை டெய்சி. பழைய ஹார்டிங்டன் ஸ்டேஷனில் சிக்னல் கேபினை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஹார்டிங்டன் ஊர் அங்கிருந்து தள்ளி, கீழே இருக்கிறது. இரவு அங்கே தங்கல்.

ஜூன் 13, வெள்ளி. ஹை பீக் டிரெயில்

இன்று ஓட்டிய பாதை நேற்றையதைவிட மிகப் பழையது. கிராம்ஃபர்டு–ஹை பீக் ரயில்வேக்கு 1825-இல் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது. 1831-இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. இரண்டு கால்வாய்களை இணைக்க 33 மைல். பொறியாளர் ஜோசியாஸ் ஜெஸ்ஸப் கால்வாய் கட்டும் குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய தந்தை வில்லியம் ஜெஸ்ஸப் பெயர்பெற்ற கால்வாய்ப் பொறியாளர். மகன் போட்ட ரயில்பாதையிலும் அந்தக் கை தெரிகிறது. குன்றின் ஓரமாக மைல் கணக்கில் மட்டமாகப் போகிறது. உயரத்தை மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் ஒரே மூச்சில் செங்குத்துச் சரிவு. கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்கட்டு செய்கிற வேலையை இங்கே சரிவு செய்கிறது. சரிவின் உச்சியில் நிலையாக நிறுத்திய நீராவி எஞ்சின், வேகன்களைச் சங்கிலியால் இழுத்தது. இரும்புவடம் பிறகுதான் வந்தது.

சைக்கிளில் வருகிறவருக்கு இதைவிடச் சுகமான அமைப்பு கிடையாது. பார்ஸ்லி ஹேயிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய மட்டமாகவே ஓட்டினோம். கோதம் வளைவில் நின்று அளந்து பார்க்கத் தோன்றியது: வளைவின் ஆரம் வெறும் 55 கஜம். இதில் ரயில் எப்படித் திரும்பியது என்று அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து மினிங்லோ. குன்றின் தலையில் மரக்கூட்டம், அதனடியில் புதிய கற்காலத்துச் சமாதி. அதற்கு முன்னால் பாதையைத் தாங்கி நிற்கும் மேட்டின் பக்கச்சுவர் முழுவதும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல். குனிந்து பார்த்தேன். பெரிய கற்களுக்கு நடுவே விரல் பருமன் உள்ள சில்லுகளைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். கையால் அசைத்தும் ஒன்றுகூட நகரவில்லை.

ஹாப்டன் சரிவில் 14 அடிக்கு ஓரடி இறக்கம். இழுவைச் சங்கிலியின் உதவியில்லாமல் எஞ்சின் தன் சக்கரப் பிடிமானத்தாலேயே ஏறிய பாதைகளில் பிரிட்டனிலேயே மிகச் செங்குத்தானது இதுதான். மிடில்டன் டாப்பில் 1829-ஆம் ஆண்டின் எஞ்சின் இன்னும் அதன் கட்டடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கீழே எட்டேகால் அடிக்கு ஓரடி. பிரேக்கை நம்பாமல் இருவரும் இறங்கி நடந்தோம். சுமைப் பைகள் கட்டிய சைக்கிளோடு வருகிறவர்கள் நடப்பதே நல்லது, பொடிக்கல்லில் பின்சக்கரம் சறுக்கும்.

கடைசிச் சரிவு ஷீப் பாஸ்ச்சர். 1888-இல் ரயிலிலிருந்து கழன்ற பெட்டி ஒன்று இதில் வேகமெடுத்து, அடியிலுள்ள வளைவில் திரும்ப முடியாமல் கால்வாயையும் இரட்டை ரயில்பாதையையும் தாண்டிப் போய் வயலில் விழுந்தது. அதற்குப் பிறகு ஓடிவரும் வேகன்களை விழவைக்க ஒரு குழி வெட்டினார்கள். அந்தக் குழியும் அதில் நொறுங்கிய வேகனும் இன்றும் கிடக்கின்றன. சற்று அப்பால் கிராம்ஃபர்டில், 1771-இல் ஆர்க்ரைட் தொடங்கிய பருத்தி நூற்பாலை. ஆலை மூடும் நேரமாகிவிட்டது.

ஜூன் 14, சனி. கிராம்ஃபர்டு – பேக்வெல்

எழுத அதிகம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. மாட்லாக்கிலிருந்து ரோஸ்லி வரை ரயில்பாதையை ஒட்டியே நல்ல பாதை. அதன் பிறகு பேக்வெல் பக்கம் அறுந்துபோகிறது. பழைய ரயில் ஹாடன் சுரங்கத்தின் வழியாகப் போயிருக்கிறது. தம் ஹாடன் ஹாலிலிருந்து ரயில் கண்ணில் படக்கூடாது என்று ரட்லண்ட் பிரபு பிடிவாதம் பிடித்ததால் தோண்டிய சுரங்கம் அது. இப்போது அடைத்துக் கிடக்கிறது. நாங்கள் லாரிகளோடு சாலையில் போனோம். ஒரு லாரி முழங்கை உரசும் தூரத்தில் முந்தியது. அக்கா இறங்கிப் புல்லோரம் நின்றுவிட்டார். இரண்டு நாளாக அவர் சேர்த்த தைரியம் அந்த ஒரு நொடியில் போய்விட்டது. இருபது மைல் நல்ல பாதை போட்டு நடுவே இரண்டு மைலை விட்டால், குழந்தையோடு வருகிறவரும் வயதானவரும் அந்த இருபது மைலுக்கும் வரமாட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு. மான்சல் டிரெயில்

காலையில் அக்காவைக் கிளப்ப வேண்டியிருந்தது. "கார் வராது, சத்தியம்" என்ற பிறகே வந்தார்.

பேக்வெல்லை ஒட்டித் தொடங்கி ப்ளாக்வெல் மில் வரை எட்டரை மைல். மிட்லண்ட் ரயில்வே 1863-இல் திறந்த ரயில்பாதை இது; 1968-இல் மூடப்பட்டது. பாதை 1980-களிலேயே வந்துவிட்டது; ஆனால் சுரங்கங்கள் பூட்டியே இருந்தன, நடப்பவர்கள் குன்றேறிச் சுற்றிப் போனார்கள். 2011 மே மாதம் சுரங்கங்களைத் திறந்து விளக்குப் போட்ட பிறகுதான் சைக்கிளில் முழுதாகப் போக முடிந்தது.

ஹெட்ஸ்டோன் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜூன் மாதத்திலும் குளிர் கழுத்தில் ஏறியது. கூரையிலிருந்து சொட்டிய நீர் ஹேண்டில்பாரில் விழுந்து தெறித்தது. வெளிச்சத்துக்கு வந்த மறுகணம் காலடியில் வை ஆறு, இருபுறமும் பச்சைக் குன்று. நாங்கள் பாலத்தின் மேல் இருந்தோம். இந்தப் பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தது இந்த ரயிலுக்காகத்தான். இன்று மக்கள் படமெடுக்க வருவது அந்தப் பாலத்தையே. 1970-இல் பாதுகாப்பு உத்தரவு வந்திராவிட்டால் இதற்கும் பென்ட்லி ஓடைப் பாலத்தின் கதி நேர்ந்திருக்கலாம்.

சக்கர நாற்காலியில் ஒருவர், மூன்றுசக்கர சைக்கிளில் தம்பதி, பயிற்சிச் சக்கரம் வைத்த குழந்தைகள். நடப்பவர்களுக்குத் தூரத்திலேயே மணி அடிக்க வேண்டும். குதிரை வந்தால் மணி கூடாது, வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுக்க வேண்டும். மில்லர்ஸ் டேல் ஸ்டேஷன் நடைமேடையில் தேநீர். அக்கா அங்கே உட்கார்ந்து முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "நேற்றைய சாலைதான் வலித்தது, இது வலிக்கவில்லை" என்றார்.

ஜூன் 16, திங்கள்

புறப்படுவதற்கு முன் ஸ்டஃபர்ட்ஷைர் பக்கம் மேனிஃபோல்டு பாதை. 1904-இல் வந்த குறுகிய ரயில் 1934-இல் நின்றது. 1937-இலேயே அதைப் பொதுப்பாதையாக்கிவிட்டார்கள். நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல் முழுசாகக் கைமாற்றியதால்தான் இன்றும் அது ஒரே பாதை. ஸ்வைன்ஸ்லி சுரங்கப் பகுதியில் மட்டும் கார்களும் வருகின்றன. அங்கே அக்காவைச் சுவரோரமாக விட்டு நான் வெளிப்புறம் ஓட்டினேன்.

ரோஸ்லி–பேக்வெல் இடைவெளி குறித்து உள்ளூர்க் கவுன்சிலருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். லாரிச் சம்பவத்தை அக்கா தம் கையாலேயே இரண்டாம் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். நாளை காலை தபாலில் சேர்க்கிறேன்.