ஒரே வழக்கின் தடத்தில் இரண்டு சட்டங்கள்: துறைத் தேர்வுக்கு நான் படித்த முறை

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை 1 அன்று விலகி, அவற்றின் இடத்தில் முறையே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (இங்கே நடைமுறைச் சட்டம்) பாரதிய சாக்ஷிய அதினியமும் (சாட்சியச் சட்டம்) நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு, சென்னையில் பணியில் இருந்துகொண்டே துறை ஒதுக்கீட்டில் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர், பழைய பிரிவு எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதி மனப்பாடம் செய்வதையே படிப்பாகக் கொண்டுவிட்டார்கள். அந்த அட்டவணை தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குப் போதும்.

நான் கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து, ஒரு கற்பனை வழக்கைப் புகார் முதல் இறுதி அறிக்கை வரை நடத்திப் பார்த்தே இரண்டு சட்டங்களையும் படித்தேன். தியாகராய நகரில் சங்கிலியைப் பறிகொடுத்த பெண் தாம்பரத்தில் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லை எதுவாயினும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. பறிப்புக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை என்பதால், கைது அவசியமா, 35(3)-இன்படி நேரில் வரச் சொல்லும் அறிவிப்பு போதுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. கைது செய்தால் 24 மணி நேர வரம்புக்கு 58-ஆம் பிரிவும், நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவில் காவலில் வைக்கும் ரிமாண்டுக்கு 187-ஆம் பிரிவும் வருகின்றன. மொத்தம் 15 நாள்களுக்கு மிகாத போலீஸ் காவலை, இவ்வழக்கைப் போன்றவற்றில் முதல் 40 நாள்களுக்குள் பகுதி பகுதியாகவும் கேட்கலாம் என்பது புதிய சட்டத்தின் முக்கியமான மாற்றம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம், போலீஸிடமோ காவலிலோ தரும் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய, சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 25, 26, 27 என்று தனித்தனியாக நின்றவை இப்போது இதற்குள் அடங்கிவிட்டன. 27 மட்டும் காப்புரையாக, அதாவது பிரிவுக்குள்ளேயே வரும் விதிவிலக்காக, மாறியிருக்கிறது. "நான்தான் சங்கிலியைப் பறித்தேன், பல்லாவரத்தில் என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று காவலில் இருக்கும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கூறினால், பறித்ததை ஒப்புக்கொள்ளும் முதல் பகுதி நீதிமன்றத்தில் நில்லாது, கண்டுபிடிப்புக்கு நேரடியாக வழிகாட்டிய பகுதி மட்டுமே ஏற்கப்படும். கண்டறியப்பட்ட பொருண்மை என்பது பொருளை மட்டும் குறிக்காது, அது இருந்த இடத்தையும் அதைப் பற்றி எதிரிக்கு இருந்த அறிவையும் சேர்த்தே குறிக்கும் என்று 1946-இல் புலுக்கூரி கோட்டய்யா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் கூறியதை எழுதாத விடை, என் கணிப்பில், பாதி விடைதான்.

அங்கிருந்து, பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் ஆவணமான மகஜருக்கு நகர வேண்டும். பொருளைக் கைப்பற்றுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்வது நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு. அந்தப் பதிவும், தெருவின் கண்காணிப்பு கேமரா காட்சியும் நீதிமன்றத்தில் எப்படிச் சான்றாகும் என்று சொல்வது சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. முன்பு 65பி என்று நிலையங்களில் வாய்ப்பழக்கமாக இருந்த சான்றிதழ், இப்போது கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு ஏ பகுதியும் வல்லுநருக்கு பி பகுதியும் கொண்டு, கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. காட்சியை பென்டிரைவில் வாங்கினால் வேலை முடிந்தது என்று கருதுவோர் இதை இருமுறை படிக்க வேண்டும்.

பிணை, மேல்முறையீடு ஆகியவற்றை ஒருமுறை வாசித்தால் போதும். மரண வாக்குமூலத்துக்கு மட்டும் ஒரு கொலை வழக்கைத் தனியாக எடுத்துக்கொண்டு, சாட்சியச் சட்டத்தின் 26(அ) பிரிவை, பிண விசாரணைக்கான நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவோடு சேர்த்துப் படிப்பது நல்லது. சங்கிலிப் பறிப்பு வழக்கில் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடமில்லை.