தொகுதி 1, பக்கம் 293

மும்பை அந்தேரியில் ஒரு டைப்செட்டிங் ஆபீஸ். வெளிநாட்டு மருத்துவ ஜர்னல்களுக்கு ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி, தயாரிப்பதுதான் அங்கே வேலை. கட்டுரையைச் சீனியர்கள் பார்ப்பார்கள். கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல் புதிதாய்ச் சேர்ந்த என் தலையில்.

ஒருநாள் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் பற்றிய கட்டுரை வந்தது. முதல் ரெஃபரன்ஸ்: ஹக்கின்ஸ், ஹாட்ஜஸ், ‘கேன்சர் ரிசர்ச்’, 1941, தொகுதி 1, பக்கம் 293. அந்த ஜர்னல் 1916-இல் தொடங்கியது என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படியானால், வருஷத்துக்கு ஒரு தொகுதி என்று எண்ணினால், தொகுதி 26 அல்லவா வரவேண்டும்? பிழை பிடித்த மிதப்பில் கட்டுரையின் ஆத்தருக்கு ஒரு கொயரி, அதாவது ‘இது சரியா?’ என்ற கேள்வி, தட்டினேன்.

பக்கத்து சீட் மாட்டுங்கா சார், ஈய எழுத்துக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர், எட்டிப் பார்த்தார். “அத அழிப்பா.”

பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த ஜர்னலை நடத்துவது, அமெரிக்காவில் 1907-இல் 11 பேர் கூடித் தொடங்கிய புற்றுநோய் ஆய்வுச் சங்கம். 1916-இல் அவர்கள் நடத்தியது ‘ஜர்னல் ஆஃப் கேன்சர் ரிசர்ச்’. 1931-இல் அது ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ ஆனது. 1940-ஓடு அதுவும் நின்றது. மறு வருஷம் ‘கேன்சர் ரிசர்ச்’ என்று புதுப் பெயர், எண்ணும் ஒன்றிலிருந்து.

“வீடு மாறினா ரேஷன் கார்டு நம்பர் மாறாதா? நம்ம பரேல்ல டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி தொறந்ததும் அதே வருஷம்தான்.”

ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் எழுதிய அந்த 1941 கட்டுரை மொத்தம் ஐந்தே பக்கம். விரைகளை நீக்கினாலோ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொடுத்தாலோ, புற்று பரவிய நோயாளிகளின் ரத்தத்தில் அமில பாஸ்ஃபடேஸ் என்ற நொதியின் அளவு இறங்குகிறது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறுகிறது. புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் சிகிச்சை வந்த வழி இதுதான். 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் கை வைக்கப் பார்த்தது இதில்!

கொயரியை அழித்தேன். சார் அதோடு விடவில்லை. அதே ப்ரூஃபைப் பிரின்ட் எடுத்து, வரிக்கு அடியில் ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி வாசித்தார். மருந்தளவு வந்த இடத்தில் ஸ்கேல் நின்றது. ஃபான்ட் மாறியதில் ‘மியூ’ என்ற கிரேக்க எழுத்து வெறும் ‘எம்’ ஆகியிருந்தது. மைக்ரோகிராம் மில்லிகிராமாகி, மருந்து 1000 மடங்கு ஏறிக் கிடந்தது. ரெஃபரன்ஸ் எண்களைச் சரிபார்க்கும்போது அந்தப் பக்கத்தை நானும் இரண்டு தடவை கடந்திருக்கிறேன்.

சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார்.

“இதுக்குப் போடு கொயரி.”